இரவல் அணி: 1943-ல் பர்டூ தோற்காத கதை

1942-ல் பர்டூ பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி ஒன்பது ஆட்டம் ஆடி எட்டில் தோற்றது. ஜெயித்த ஒரே ஆட்டமும் 7-6 என்று ஒற்றைப் புள்ளியில் தப்பியதுதான். 1943-ல் மறுபடி ஒன்பது ஆட்டம், ஒன்பதிலும் வெற்றி. 1944-ல் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. நடுவில் அந்த ஒரு வருஷம் மட்டும் சாமி வந்து ஆடியமாதிரி இருக்கிறது, இல்லையா? அந்த வருஷத்துக்காகப் புதிய பயிற்சியாளர் யாரும் வரவில்லை. 1942-ல் எட்டுத் தோல்வியைப் பார்த்துக்கொண்டு நின்ற எல்மர் பர்னம்தான் 1943-லும் கோட்டுக்கு வெளியே நின்றார்.

பழைய விளையாட்டுப் பதிவேடுகளைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த மாதிரி இடங்கள் தலையைச் சுற்றவைக்கும். இரண்டாம் உலகப் போரின்போது, குறிப்பாக 1943-ல், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் கணக்குகள் முழுக்க இப்படித்தான். நன்றாக ஆடிக்கொண்டிருந்த அணி திடீரென்று படுத்துவிடும். பெயரே கேள்விப்படாத ராணுவ முகாம் ஒன்று பெரிய பல்கலைக்கழகத்தைச் சாய்க்கும். ஒரே ஆள் இந்த வருஷம் ஒரு கல்லூரிக்கு ஆடுவார், அடுத்த வருஷம் அதன் ஜென்ம எதிரிக்கு ஆடுவார். இதையெல்லாம் எப்படிப் படித்துப் புரிந்துகொள்வது என்பதற்கு இது ஒரு தொடக்கப் பாடம். கையில் பிடித்துப் பார்க்க ஒரு உதாரணம் வேண்டுமே, அதற்குத்தான் பர்டூ.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு

கால்பந்து என்றதும் நமக்கு நினைவு வருவது உருண்டைப் பந்து. அமெரிக்கர்களின் கால்பந்தில் பந்து இரண்டு முனையும் கூம்பிய முட்டை வடிவம், பெரும்பாலும் கையிலேயே இருக்கும். பக்கத்துக்குப் பதினோரு பேர், நூறு கெஜ மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் 'டவுன்' என்று பெயர். நான்குக்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் புதிதாக நான்கு டவுன் கிடைக்கும். முடியாவிட்டால் பந்து கைமாறும். இப்படி நகர்ந்து நகர்ந்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் அது 'டச்டவுன்', 6 புள்ளி. உடனே ஒரு உதை உதைக்கலாம், கம்பங்களுக்கு நடுவே போனால் இன்னும் 1 புள்ளி. கோடு வரை போக முடியாது என்று தோன்றினால் தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுத்துக்கொள்ளலாம். இதற்கு 'ஃபீல்டு கோல்' என்று பெயர். ஸ்கோரில் 7, 14, 21 என்று அடிக்கடி வருவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். முன்வரிசையில் நிற்கிறவர்கள் முட்டி மோதி வழி உண்டாக்குவார்கள், பின்னால் நிற்கிறவர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் அல்லது வீசுவார்கள். கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு மீதி தானாகப் பிடிபடும்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். இன்று தாக்குவதற்கு ஒரு பதினோரு பேர், தடுப்பதற்கு வேறு பதினோரு பேர். 1943-ல் பெரும்பாலும் இரண்டையும் அதே ஆட்கள்தான் செய்தார்கள். எனவே நல்ல ஆள் ஒருவர் போய்விட்டால் அணியில் விழுவது இரண்டு ஓட்டை.

சரி, சீசன் என்றால் என்ன? செப்டம்பர் நடுவில் தொடங்கி நவம்பர் முடிவதற்குள், சனிக்கிழமைகளில், ஒன்பது பத்து ஆட்டம். அவ்வளவுதான். பல்கலைக்கழகங்கள் பக்கத்து ஊர்க்காரர்களோடு சேர்ந்து குழுமங்கள் அமைத்திருந்தன. பர்டூ இருந்தது 'பிக் டென்' என்ற குழுமத்தில். அதில் மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், இல்லினாய்ஸ், மின்னசோட்டா, விஸ்கான்சின் எல்லாம் உண்டு. குழுமத்துக்குள்ளேயே எல்லோரும் எல்லோரோடும் ஆடுவதில்லை. நாட்டுக்கே முதலிடம் யார் என்பதை விளையாட்டு நிருபர்கள் வாக்குப் போட்டு முடிவு செய்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 1936 முதல் வாராவாரம் இந்தப் பட்டியலை வெளியிட்டது. இறுதிப் போட்டி, கோப்பை என்று எதுவும் கிடையாது. விளையாட்டில் தேர்தல் வைத்து ஜெயிக்கிறவரை அறிவிப்பது எனக்கு இன்றுவரை வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு அது வெகுகாலப் பழக்கமாக இருந்தது.

போர் வந்தபோது

ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது 1941 டிசம்பர் 7-ல். அதற்கு மூன்றரை வாரம் கழித்து, புத்தாண்டு அன்று, கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் வழக்கமாக நடக்கும் ரோஸ் போல் ஆட்டம் நடக்க வேண்டும். மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடுவது ஆபத்து என்று ராணுவம் சொல்லிவிட்டது. ஆட வேண்டிய அணிகளில் ஒன்றான டியூக், எங்கள் ஊருக்கே வாருங்கள் என்றது. ஆகவே ஆட்டம் நாட்டின் மறுகோடிக்கு, வட கரோலினாவின் டர்ஹம் நகருக்குப் போனது. ஓரிகன் ஸ்டேட் அணி ரயிலில் கண்டத்தைக் கடந்து வந்து, 20-16 என்று டியூக்கை அதன் வீட்டிலேயே தோற்கடித்தது. அந்த அணியைச் சேர்ந்த ஜாக் யோஷிஹாரா மட்டும் ரயிலில் ஏறவில்லை. ஜப்பானிய வம்சாவளி என்பதால் அவருக்குப் பயண அனுமதி மறுக்கப்பட்டது.

1942 சீசன் ஓரளவு பழையபடியே ஓடி முடிந்தது. அந்த நவம்பரில்தான் கட்டாய ராணுவச் சேவைக்கான வயதை 18-ஆகக் குறைத்தார்கள். இதன் பொருள் என்ன? கல்லூரியில் படிக்கும் வயது என்பதும் படைக்குப் போகும் வயது என்பதும் ஒன்றாகிவிட்டன. அடுத்த இலையுதிர் காலத்தில் மைதானத்தில் யார் நிற்பார்கள் என்று எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியாத நிலை.

இந்த இடத்தில் வருகிறது இந்தக் கதையின் முக்கியமான பெயர்: வி-12.

கடற்படைக்கு அதிகாரிகள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். மாலுமிகளைப் பயிற்சி முகாமில் உருவாக்கலாம், அதிகாரிக்குக் கணக்கும் இயற்பியலும் பொறியியலும் தெரிய வேண்டும். இன்னொரு பக்கம் மாணவர்கள் இல்லாமல் கல்லூரிகள் காலியாகிக்கொண்டிருந்தன. இரண்டையும் முடிச்சுப்போட்டு 1943 ஜூலை 1-ல் கடற்படை தொடங்கிய திட்டம்தான் வி-12. 131 கல்லூரிகள், ஒட்டுமொத்தமாகச் சுமார் 1,25,000 இளைஞர்கள். இவர்கள் சீருடை போட்ட படைவீரர்கள், மாதம் 50 டாலர் சம்பளம், ஆனால் இருப்பது கல்லூரி விடுதியில், போவது வகுப்பறைக்கு. பாடச்சுமையும் லேசானதில்லை. அதற்கு மேல் வாரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் உடற்பயிற்சி. மரீன் என்பது கப்பலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் படை. அதுவும் அமெரிக்காவில் கடற்படைத் துறையின் கீழ் வருவது, எனவே மரீன் அதிகாரிகளாகப் போகிறவர்களும் இதே திட்டத்தில்தான் சேர்ந்தார்கள்.

தரைப்படையும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு கல்லூரித் திட்டம் நடத்தியது. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு விதி வேறுபட்டது. தரைப்படை தன் பயிற்சி மாணவர்களைக் கல்லூரி அணிகளில் ஆட அனுமதிக்கவில்லை. நேரமே கொஞ்சம், அதைப் படிப்பிலும் பயிற்சியிலும் செலவிடு என்றது. கடற்படை ஆடச் சொன்னது. அங்கே விமானிகளின் உடற்பயிற்சித் திட்டத்தைக் கவனித்த டாம் ஹாமில்டன், கடற்படை அகாடமியின் முன்னாள் ஆட்டக்காரர், பிறகு அதன் பயிற்சியாளர். அடிபட்டு எழுந்து மறுபடி மோதும் இந்த ஆட்டம் போருக்கு நல்ல பயிற்சி என்று அவரைப் போன்றவர்கள் உறுதியாக நம்பினார்கள். யார் சொன்னது சரி என்று இப்போது தீர்ப்புச் சொல்வது கஷ்டம். தரைப்படையின் வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஆனால் 1943 சீசனின் தலையெழுத்தை அந்த ஒரு விதிதான் எழுதியது. கடற்படைத் திட்டம் கிடைத்த கல்லூரிக்கு ஆட்கள் தயார். தரைப்படைத் திட்டம் கிடைத்த கல்லூரி வளாகத்தில் வாட்டசாட்டமான இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் நடப்பார்கள், ஒருவரையும் மைதானத்துக்குக் கூப்பிட முடியாது. அங்கே பதினேழு வயதுப் பையன்களையும், உடல் தகுதிக் குறைவால் படை வேண்டாம் என்று சொன்னவர்களையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். சமாளிக்க முடியாதவர்கள் அணியையே கலைத்துவிட்டார்கள். தென்கிழக்குக் குழுமத்தின் 12 பல்கலைக்கழகங்களில் அலபாமா, டென்னசி, ஆபர்ன் உட்பட 7-க்கு அந்த வருஷம் அணியே கிடையாது. மேற்கே ஸ்டான்ஃபோர்டு மூன்று சீசன் ஆடவில்லை.

பர்டூவுக்கு அடித்த யோகம்

பர்டூ இருப்பது இந்தியானா மாநிலத்தின் வெஸ்ட் லஃபயட் ஊரில், வாபாஷ் ஆற்றங்கரையில். பொறியியலுக்குப் பேர்போன இடம். அணியின் பட்டப்பெயர் 'பாய்லர்மேக்கர்ஸ்', அதாவது கொதிகலன் செய்கிறவர்கள். பொறியியல் கற்பிக்கும் இடத்தைக் கடற்படை விட்டுவைக்குமா? வி-12 திட்டம் வந்தது, அதோடு மரீன் பிரிவும் வந்தது.

அண்டை மாநிலமான இல்லினாய்ஸின் பல்கலைக்கழகம் அங்கிருந்து நூறு மைலுக்கும் குறைவான தூரம். அங்கே படித்துக்கொண்டிருந்த மரீன் ரிசர்வ் (படையில் பெயர் பதிந்து அழைப்புக்குக் காத்திருக்கும்) மாணவர்களுக்கு உத்தரவு வந்தது: பர்டூவுக்குப் போ. அவர்களில் பலர் இல்லினாய்ஸின் கால்பந்து ஆட்டக்காரர்கள். அந்தக் காலத்தில் சாதாரண நாளில் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது, முதலாண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆடவே கூடாது என்றிருந்தது. போர்க்காலத்தில் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருந்தார்கள். ஆக, போன வருஷத்து எதிரி இந்த வருஷம் ஒரே விடுதியில் பக்கத்துக் கட்டில்.

இப்படி வந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும்.

அலெக்ஸ் அகாசி முன்வரிசைக்காரர், 'கார்டு' என்ற இடத்தில் ஆடுகிறவர். முன்வரிசை ஆட்களுக்குப் புள்ளி எடுக்கும் வாய்ப்பே அபூர்வம். நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தல்காரரைப் போல, வேலை சரியாக இருந்தால் யார் கண்ணிலும் படமாட்டார்கள். இவரோ 1942-ல் இல்லினாய்ஸுக்காக மின்னசோட்டாவை எதிர்த்து ஒரே ஆட்டத்தில் இரண்டு டச்டவுன் எடுத்தவர். அதில் ஒன்று எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடி எடுத்தது.

டோனி புட்கோவிச் ஓட்டக்காரர். இல்லினாய்ஸின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்த குரோவேஷிய வம்சாவளிப் பையன். பந்தை அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் தலையை நுழைத்தால் மறுபக்கம் வெளியே வந்துவிடுவார். 1943-ல் பர்டூவுக்காக ஏழு ஆட்டத்தில் 833 கெஜம் ஓடி 16 டச்டவுன் எடுத்தார்.

ஏழு ஆட்டம் என்று சொன்னேன், கவனித்தீர்களா? அணி ஆடியது ஒன்பது.

இன்னும் சில பேர் வேறு வழிகளில் வந்தார்கள். பந்து வீசும் குவார்ட்டர்பேக் சாம் வகாண்டி முந்தைய வருஷம் அயோவாவில் இருந்தவர். போருக்குப் பிறகு அவர் நெப்ராஸ்காவுக்கு ஆடினார். மூன்று பல்கலைக்கழகச் சட்டை ஒரே ஆள் உடம்பில்! பேப் திமான்செஃப் இண்டியானாபொலிஸில் உள்ள பட்லர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். பர்டூவின் சொந்தப் பிள்ளைகளும் சிலர் இருந்தார்கள். ஆனாலும் அணியில் பெரும்பாலோர் மரீன்கள். போன வருஷம் எட்டு முறை தோற்ற பர்னம் கோடை முடிந்து வந்து பார்த்தபோது, இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் நல்ல ஆட்கள் சீருடையில் வரிசை கட்டி நிற்கிறார்கள். இதைத்தான் இரவல் அணி என்கிறேன். கடன் கொடுத்தது கடற்படை, திருப்பிக் கேட்கும் தேதியும் அவர்கள் கையில்.

ஸ்கோரைப் படிக்கும் விதம்

பர்டூவின் ஒன்பது ஆட்டங்களையும் வரிசையாகச் சொல்கிறேன். கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சித் தளத்தை 23-13. மார்க்கெட் பல்கலைக்கழகத்தை 21-0. அடுத்து இல்லினாய்ஸை 40-21. அகாசிக்கும் புட்கோவிச்சுக்கும் அது போன வருஷத்துச் சொந்த அணி. கேம்ப் கிராண்ட் ராணுவ முகாமை 19-0. ஒஹாயோ ஸ்டேட்டை 30-7. அயோவாவை 28-7. விஸ்கான்சினை 32-0. மின்னசோட்டாவை 14-7. கடைசியில் சொந்த மாநிலப் பங்காளியான இந்தியானாவை 7-0.

முதல் ஏழு ஆட்டத்தில் எடுத்தது 193 புள்ளி, கொடுத்தது 48. கடைசி இரண்டில் எடுத்தது வெறும் 21, கொடுத்தது 7. ஆட்டத்துக்குச் சராசரி 27-க்கும் மேலே இருந்தது பத்தரைக்கு இறங்கிவிட்டது. என்ன ஆயிற்று?

நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். வி-12 படிப்பில் ஒரு பருவம் பதினாறு வாரம். ஜூலை 1-ல் தொடங்கிய முதல் பருவம் அக்டோபர் கடைசியில் முடிந்தது. பருவம் முடிந்ததும் ஒரு பகுதி ஆட்களுக்கு அடுத்த கட்டப் பயிற்சிக்கான உத்தரவு வரும். கால்பந்து சீசனில் இன்னும் இரண்டு மூன்று சனிக்கிழமை பாக்கி இருக்கிறதே என்று கடற்படை பார்க்குமா? புட்கோவிச் கிளம்பினார், அவரோடு வேறு ஆட்களும் கிளம்பினார்கள். மின்னசோட்டாவையும் இந்தியானாவையும் வென்றது, அக்டோபரில் ஆடியதைவிட மெலிந்துபோன ஒரு அணி.

எனக்கு அந்தக் கடைசி இரண்டு வெற்றிகள்தான் பெரியவை. முதல் ஏழில் ஆள் பலம் இருந்தது, 30-7 என்று ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை. ஆள் போன பிறகு நவம்பர் 20-ல் பங்காளியின் ஊருக்கே போய், ஒரே ஒரு டச்டவுனை வைத்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை தாக்குப்பிடிப்பது வேறு சமாச்சாரம். தோல்வியே இல்லாத சீசன் என்று பதிவேடு ஒரே வரியில் சொல்வதற்குள்ளே இரண்டு வெவ்வேறு அணிகள் இருக்கின்றன.

இதே வித்தையை வேறு பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அந்த வருஷம் நாட்டின் முதலிடம் பெற்றது நோட்ர டேம் பல்கலைக்கழகம். பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹி, குவார்ட்டர்பேக் ஏஞ்சலோ பெர்டெல்லி. முதல் ஆறு ஆட்டத்தில் அந்த அணி எடுத்தது 261 புள்ளி, கொடுத்தது 31. ஆறாவது ஆட்டம் அக்டோபர் 30-ல். அதோடு பெர்டெல்லியை மரீன் படை பாரிஸ் ஐலண்டு பயிற்சி முகாமுக்கு அழைத்துக்கொண்டது. அவர் இடத்தில் பதினெட்டு வயது ஜானி லூஜாக் இறங்கினார், நன்றாகவே ஆடினார். ஆனாலும் கடைசி நான்கு ஆட்டத்தில் எடுத்தது 79, கொடுத்தது 38. இறுதி ஆட்டத்தில் கிரேட் லேக்ஸ் தளத்திடம் 19-14 என்று தோல்வி. வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசு பெர்டெல்லிக்கே கிடைத்தது, சீசனில் ஆறே ஆட்டம் ஆடியவருக்கு!

இங்கே ஒரு வம்பு வழக்கு இருக்கிறது. நோட்ர டேமைத் தோற்கடித்த கிரேட் லேக்ஸைப் பர்டூ முதல் ஆட்டத்திலேயே தோற்கடித்திருந்தது. பர்டூவுக்குத் தோல்வியே இல்லை. இருந்தும் நிருபர்களின் இறுதிப் பட்டியலில் நோட்ர டேம் முதலிடம், பர்டூ ஐந்தாமிடம். அயோவாவில் இருந்த கடற்படை விமானிப் பயிற்சிப் பள்ளியின் அணிக்கு இரண்டாமிடம், மிச்சிகனுக்கு மூன்று, கடற்படை அகாடமிக்கு நான்கு. பர்டூ ரசிகர்களின் மனக்குறை நியாயமானதா? பாதி நியாயம். நோட்ர டேம் மோதிய எதிரணிகள் கடினமானவை: மிச்சிகன், கடற்படை அகாடமி, தரைப்படை அகாடமி, அயோவா விமானிப் பள்ளி என்று பட்டியல் நீளும். பர்டூ ஜெயித்த அணிகளில் ஒஹாயோ ஸ்டேட்டும் விஸ்கான்சினும் அந்த வருஷம் எலும்பும் தோலுமாக நின்றவை. தவிர, கிரேட் லேக்ஸும் செப்டம்பரில் ஒன்று, நவம்பரில் வேறொன்று. பயிற்சித் தளங்களிலும் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். 'அ' என்கிற அணி 'ஆ'-வை வென்றது, 'ஆ' 'இ'-யை வென்றது என்று சங்கிலி கோக்கும் பழக்கம் போர்க்கால சீசனில் செல்லாது.

கொடுத்தவர்கள் பக்கம்

ஒருவருக்கு யோகம் என்றால் இன்னொருவர் வீட்டில் ஆள் குறைந்திருக்கும். விஸ்கான்சின் 1942-ல் எட்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன் என்று ஆடிய அபாரமான அணி. அதன் நட்சத்திர ஓட்டக்காரர் எல்ராய் ஹிர்ஷ் வி-12 உத்தரவில் மிச்சிகனுக்குப் போனார். 1943-ல் விஸ்கான்சின் ஒன்பது ஆட்டத்தில் தோற்று ஒன்றில் மட்டும் ஜெயித்தது.

மிச்சிகனுக்கும் மின்னசோட்டாவுக்கும் வருஷாவருஷம் ஒரு பழைய மண் ஜாடிக்காகப் போட்டி. 'லிட்டில் பிரவுன் ஜக்' என்று பெயர். ஜெயிக்கிறவர் ஜாடியை எடுத்துக்கொண்டு போவார். 1934 முதல் 1942 வரை ஒன்பது வருஷமும் ஜாடி மின்னசோட்டா வசம். அதில் கடைசி மூன்று வருஷம் அந்த அணிக்கு ஓடியவர் பில் டேலி. 1943-ல் கடற்படை அவரை மிச்சிகனுக்கு அனுப்பியது. மிச்சிகன் 49-6 என்று ஜெயித்து ஜாடியை மீட்டது. டேலி எந்தப் பக்கம் நின்றாலும் ஜாடி அவர் பக்கம்தான்.

ஒஹாயோ ஸ்டேட்டின் கதை இன்னும் பாவம். 1942-ல் நாட்டின் முதலிடம். வளாகத்துக்கு வந்தது தரைப்படைத் திட்டம். அடுத்த வருஷம் பயிற்சியாளர் பால் பிரவுன் கையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பொடியன்கள். மூன்று வெற்றி, ஆறு தோல்வி. ஆனால் அந்த மூன்றில் ஒன்று மறக்க முடியாதது. இல்லினாய்ஸுக்கு எதிராக 26-26 என்று ஆட்டம் சமனில் முடிந்தது. கூட்டம் கலைய ஆரம்பித்தது, ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, கடைசி வாய்ப்பின்போது பந்து நகருமுன்பே இல்லினாய்ஸ் தன் பக்கக் கோட்டைத் தாண்டித் தவறு செய்ததாக நடுவர் ஒருவர் கொடி போட்டிருந்தார். இரண்டு அணிகளையும் மறுபடி வெளியே கூப்பிட்டார்கள். ஒஹாயோவுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. முதலாண்டு மாணவர் ஜான் ஸ்டங்கிஸ், வயது பதினேழு, அதற்கு முன் கல்லூரி ஆட்டத்தில் ஃபீல்டு கோல் உதைத்ததே இல்லை. உதைத்தார், போனது. 29-26. பாதிக் கூட்டம் சமன் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

அந்த வருஷம் பெட்ரோலும் டயரும் ரேஷனில் இருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயில்கள் படைகளை ஏற்றிச் சென்றன. தரைப்படை அகாடமியும் கடற்படை அகாடமியும் மோதும் புகழ்பெற்ற ஆட்டம் 1942-ல் கடற்படையின் ஊரான அன்னபொலிஸில் நடந்தபோது, எதிரணியான தரைப்படைக்குக் கைதட்ட அதன் மாணவர்கள் பயணம் செய்ய முடியவில்லை. எனவே கடற்படை மாணவர்களிலேயே ஒரு பகுதியினர் தரைப்படைக்காகக் கத்தும்படி உத்தரவிடப்பட்டார்கள். உத்தரவு போட்டுக் கைதட்ட வைத்தாலும் கைதட்டல் கைதட்டல்தானே.

அப்புறம்

பர்டூவும் மிச்சிகனும் குழுமத்துக்குள் தோல்வியே இல்லாமல் முடித்தன. அவை தங்களுக்குள் ஆடவே இல்லை. எனவே பிக் டென் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. ரோஸ் போல் போன்ற புத்தாண்டு ஆட்டங்களில் கலந்துகொள்ள பிக் டென் அந்த நாளில் தன் உறுப்பினர்களை அனுமதிக்கவில்லை. ஆகவே பர்டூவின் சீசன் நவம்பர் 20-லேயே முடிந்துபோனது. பர்னம் உடனே நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வேலை மாறிவிட்டார். பர்டூவில் அவருடைய மொத்தக் கணக்கு 10 வெற்றி, 8 தோல்வி. எட்டும் ஒரே வருஷத்தில், ஒன்பது அடுத்த வருஷத்தில். இப்படி ஒரு கணக்கை வேறு எந்தப் பயிற்சியாளரிடமும் நான் பார்த்ததில்லை.

இரவல் வாங்கிய காலம் ஆட்டத்துக்குச் சில நிரந்தரச் சொத்துகளையும் விட்டுப்போனது. அயோவா விமானிப் பள்ளியில் 1943-ல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த டான் ஃபாரோட், தான் மிசூரியில் கண்டுபிடித்த 'ஸ்பிளிட் டி' என்ற வியூகத்தை அங்கே உதவியாளர்களாக இருந்த பட் வில்கின்சனுக்கும் ஜிம் டேட்டமுக்கும் கற்றுக்கொடுத்தார். போருக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஓக்லஹோமாவிலும் மேரிலாண்டிலும் அதை வைத்தே பேரெடுத்தார்கள். 1945-ல் மிச்சிகனின் ஃபிரிட்ஸ் கிரிஸ்லர், அனுபவமில்லாத பையன்களை வைத்துக்கொண்டு பலம் வாய்ந்த தரைப்படை அகாடமியை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. தாக்க ஒரு கும்பல், தடுக்க ஒரு கும்பல் என்று ஆட்களைப் பிரித்து இறக்கினார். 28-7 என்று தோற்றார்தான். ஆனால் இன்று எல்லா அணிகளும் ஆடுவது அப்படித்தான்.

அகாசி மரீன் அதிகாரியாக ஜப்பானியத் தீவுகளான இவோ ஜிமாவிலும் ஒகினாவாவிலும் போரிட்டுக் காயம்பட்டார். உயிரோடு திரும்பி 1946-ல் மறுபடி இல்லினாய்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டார். அந்தச் சமயம் பிக் டென் தன் பழைய தடையை நீக்கியிருந்தது. 1947 புத்தாண்டு அன்று இல்லினாய்ஸ் ரோஸ் போலில் இறங்கி, லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ அணியை 45-14 என்று நொறுக்கியது. பிற்பாடு 1973-ல் அகாசி பர்டூவுக்கே தலைமைப் பயிற்சியாளராக வந்து நான்கு வருஷம் இருந்தார். இரவலாக வந்தவர் வீட்டுக்காரராகவே ஆனார்.

புட்கோவிச்சை 1944-ல் தொழில்முறை அணியான கிளீவ்லாண்ட் ராம்ஸ் முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. அவர் அவர்களுக்காக ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அந்த வருஷக் கடைசியில் அவர் இருந்தது பசிபிக் பெருங்கடலில் குவாடல்கனால் தீவில், 29-வது மரீன் ரெஜிமெண்டில். அங்கே கல்லூரியில் ஆடிய ஆட்கள் அத்தனை பேர் சேர்ந்துவிட்டதால், 1944 டிசம்பர் 24 அன்று 29-வது ரெஜிமெண்டும் 4-வது ரெஜிமெண்டும் ஒரு ஆட்டம் ஆடின. புல் இல்லை, சரளையும் பவளக் கல்லும் கிடந்த அணிவகுப்புத் திடல். புட்கோவிச் ஒரு பக்கம். விஸ்கான்சினின் 1942 அணியில் ஆடிய டேவ் ஷ்ரைனர் எதிர்ப்பக்கம். ஸ்கோர் 0-0.

ஒகினாவாவில் 1945 ஏப்ரல் 18-ல் புட்கோவிச் சுட்டுக் கொல்லப்பட்டார். ஷ்ரைனர் அதே தீவில், சண்டை முடியும் தறுவாயில், ஜூன் 21-ல் இறந்தார்.